ஏழு ஊருக்கு எழுதிய கடிதம்

தமிழ் வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதியது நிருபம். கொரிந்தியருக்கு எழுதியதும் நிருபம். யாக்கோபும் பேதுருவும் யூதாவும் எழுதியவையும் நிருபங்களே. கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் அந்தப் பெயர் இல்லை. அது ‘வெளிப்படுத்தின விசேஷம்’. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் ‘திருவெளிப்பாடு’. ஆனால் முதல் அதிகாரத்தின் நான்காம் வசனத்தைப் பாருங்கள். எழுதுகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், பிறகு கிருபையும் சமாதானமும் கூறும் வாழ்த்து என்று பவுலின் நிருபங்கள் தொடங்கும் அதே முறையில்தான் இதுவும் தொடங்குகிறது. எழுதியவர் யோவான், இருந்த இடம் பத்மு தீவு, பெற்றவர்கள் ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்கில், எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு ஊர்ச் சபையார். கடைசி வசனமும் நிருபங்களைப் போலவே கிருபை கூறி முடிகிறது. தலைப்பில் ‘நிருபம்’ என்ற சொல் இல்லாததாலோ என்னவோ, இது ஒரு கடிதம் என்பதையே நாம் மறந்துவிட்டோம்.

அந்த மறதியின் மேல் எழுப்பிய வாசிப்புதான் தமிழ்ச் சபைகள் பலவற்றில் இன்று கோலோச்சுகிறது. உபவாசக் கூட்டமானாலும் கன்வென்ஷன் மேடையானாலும் யூடியூப் பிரசங்கமானாலும் சொல்லப்படுவது ஏறக்குறைய ஒன்றே: இந்தப் புத்தகம் நம் தலைமுறைக்காக முன்கூட்டியே எழுதி வைத்த கால அட்டவணை, இரகசிய வருகையில் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்துவின் உலக ஆட்சி, கையிலோ நெற்றியிலோ 666 என்னும் முத்திரை. 1974-இல் அமெரிக்கக் கடைகளுக்கு பார்கோடு வந்த பிறகு அதுதான் முத்திரை என்றார்கள். அடுத்து கிரெடிட் கார்டு, தோலுக்கடியில் வைக்கும் சிப், இங்கே ஆதார், கொரோனாக் காலத்தில் தடுப்பூசி. ஒவ்வொன்றும் வந்தபோது திகில். பழகிப்போன பிறகு மௌனம். அடுத்தது வந்ததும் மறுபடி திகில். இப்படிப் படிப்பதுதான் வேதத்தை உள்ளபடியே நம்புவது என்றும், வேறு விதமாகப் படிப்பது அவிசுவாசம் என்றும் சொல்லப்படுகிறது. உண்மை நேர்மாறானது. இந்த வாசிப்பு முகவரியைக் கிழித்தெறிந்துவிட்டுக் கடிதத்தைப் பிரிக்கிறது. முகவரியோடு சேர்த்துப் படித்தால் புத்தகம் பழங்கதையாகிவிடாது. இப்போது இருப்பதைவிட அதிகமாகவே நம்மைச் சங்கடப்படுத்தும்.

முதலில் காலக் கணக்கு. சீக்கிரத்தில் நடக்க இருப்பவற்றைக் காட்டவே இந்த வெளிப்பாடு என்று முதல் வசனமே சொல்கிறது. காலம் நெருங்கிவிட்டது என்று மூன்றாம் வசனம். கடைசி அதிகாரம் ஒரு படி மேலே போகிறது. தானியேலின் புத்தகம் முடிவில், முடிவுகாலம் வரை ஏட்டை மூடி முத்திரை போட்டு வை என்று தானியேலுக்குக் கட்டளை வருகிறது. அந்த வாசகத்தை நன்கறிந்த யோவானுக்கு வருவது எதிர்க் கட்டளை: முத்திரை போடாதே, காலம் சமீபம். கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள் போல என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் சொல்கிறதே என்பது வழக்கமான பதில். அந்த வசனம் கடவுளின் பொறுமையைப் பற்றியது; நாளை வருஷமாக மாற்றித் தரும் வாய்பாடு அன்று. கடிதத்தைக் கேட்டவர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பெர்கமுவில் அந்திப்பா என்பவர் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தார். சிமிர்னாக்காரர்கள் சிலரைச் சிறை காத்திருந்தது. பசியோடு இருப்பவனிடம் சோறு சீக்கிரம் வரும் என்று சொல்லிவிட்டு, சீக்கிரம் என்பது என் கணக்கில் இரண்டாயிரம் வருஷம் என்று எவரும் சொல்வதில்லை. கடவுள் சொன்னார் என்பவர்கள் அவரை மனிதரைவிட இரக்கமற்றவராக்க வேண்டியதில்லை.

இது அந்த ஊர்களுக்குத்தான் எழுதப்பட்டது என்பதை ஊர் ஊராகவே காட்டலாம். லவோதிக்கேயாவை எடுத்துக்கொள்வோம். கி.பி. 60-இல் நிலநடுக்கம் அந்நகரைத் தரைமட்டமாக்கியது. ரோமிடம் நிவாரணம் எதிர்பார்க்காமல் சொந்தப் பணத்திலேயே அது எழுந்து நின்றது என்று வரலாற்றாசிரியர் தாசிதுஸ் பதிந்திருக்கிறார். அவ்வூரின் ஆடுகள் தந்த கறுத்த மென்மயிர் பெயர்பெற்றது என்று புவியியலாளர் ஸ்திராபோ எழுதுகிறார். அருகிலேயே பெயர்பெற்ற மருத்துவப் பள்ளி ஒன்று இருந்ததையும் அவரே சொல்கிறார். இப்போது மூன்றாம் அதிகாரத்தில் அவ்வூருக்குப் போகும் சொற்களைப் பாருங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் பணக்காரன் என்கிறாயே, நீ தரித்திரன், குருடன், நிர்வாணி. என்னிடம் பொன் வாங்கு, வெண்வஸ்திரம் வாங்கு, கண்ணுக்குக் கலிக்கம் வாங்கு என்கிற தோரணையில் அந்தக் கடிதம் போகிறது. பணத்தில் செருக்குற்ற ஊருக்குத் தரித்திரப் பட்டம். கறுப்பு மயிர் விற்கும் ஊருக்கு வெள்ளைத் துணி. வைத்தியம் கற்பிக்கும் ஊருக்குக் கண் மருந்து. ஊர்க்காரர் காதில் இது சுருக்கென்று தைத்திருக்கும். லவோதிக்கேயா என்பது சபை வரலாற்றின் கடைசிக் கட்டம், அதாவது இன்றைய வெதுவெதுப்பான சபை, என்று ஏழு ஊரையும் ஏழு யுகமாக்கும் விளக்கத்தில் இந்தக் குத்தலில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

ஆறாம் அதிகாரத்தின் கறுப்புக் குதிரையும் அப்படித்தான். அதன்மேல் வருகிறவன் கையில் தராசு. ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, மூன்று படி வாற்கோதுமை என்று விலை கூவப்படுகிறது. எண்ணெயையும் திராட்சரசத்தையும் தொடக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை. உலகளாவிய பஞ்சத்தின் முன்னறிவிப்பு என்று இதைக் கடந்து போய்விடுகிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பு ‘பணம்’ என்று சொல்வது தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு. திராட்சத் தோட்டத்துக் கூலியாட்கள் உவமையில் ஒரு நாள் கூலியும் அதுவே. படி என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர், ஓர் ஆளின் ஒரு நாள் உணவு. அதாவது நாள் முழுக்க உழைத்தவன் தன் வயிற்றை மட்டும் நிரப்பலாம். பெண்டாட்டி பிள்ளை வேண்டுமென்றால் வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் கிடைத்த லத்தீன் கல்வெட்டு ஒன்று, கி.பி. 92-93 வாக்கில் கடுங்குளிரால் தானியம் அரிதானபோது ஆளுநர் அந்திஸ்தியுஸ் ருஸ்திகுஸ் விதித்த உச்சவிலையைத் தருகிறது: ஒரு மோதியு தானியத்துக்கு ஒரு தெனாரியத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு மோதியு என்பது ஏறத்தாழ எட்டுப் படி. பஞ்ச காலத்தில் அரசு அனுமதித்த உச்சவிலையைப் போல் எட்டு மடங்கு விலையை யோவானின் குதிரைவீரன் கூவுகிறான். அதே ஆண்டுகளில், தானிய நிலமெல்லாம் திராட்சைத் தோட்டமாகிறது என்று பேரரசர் தொமித்தியன் மாகாணங்களின் கொடிகளில் பாதியை வெட்டச் சொல்லிப் பிறகு கைவிட்டதும் பதிவாகியிருக்கிறது. எண்ணெயும் மதுவும் நிலவுடைமையாளரின் ஏற்றுமதிச் சரக்கு. கோதுமை கூலிக்காரனின் சோறு. பஞ்சத்தில் யாருடைய பண்டத்துக்குச் சேதமில்லை என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் குதிரை போய்விடுகிறது.

இனி 666, பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் மிருகத்தின் இலக்கம். எழுத்தே எண்ணாக இருந்த மொழிகள் கிரேக்கமும் எபிரேயமும். தமிழருக்கு இது அந்நியமான விளையாட்டு அன்று. எட்டையும் காலையும் சொல்லி, அவற்றின் குறிகளான ‘அ’வையும் ‘வ’வையும் சேர்த்து அவலட்சணம் என்று ஒருவரை ஔவை வைத தனிப்பாடலை நாம் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். பொம்பெயி நகரச் சுவரில் ஒருவன் தன் காதலியின் எண் 545 என்று கிறுக்கி வைத்தான். நீரோவின் பெயரைக் கூட்டினாலும் தாயைக் கொன்றவன் என்ற சொற்களைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது என்ற கிண்டல் ரோமில் உலவியதை வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். யோவானும், புத்தியுள்ளவன் கணக்கிடட்டும், அது ஒரு மனுஷனின் இலக்கம் என்றே சொல்கிறார். அதாவது கேட்பவர்கள் கணக்கிட முடியும் என்று எதிர்பார்க்கிறார். ‘நெரோன் கேசர்’ என்பதை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, கூட்டினால் 666.

எந்தப் பெயரையும் முறுக்கிப் பிழிந்தால் 666 வரும். நீரோ மட்டும் என்ன விலக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலில் பியர் நெப்போலியன் பெயரிலிருந்தே அந்த எண்ணை வருவித்துவிடுகிறான். ஆனால் நீரோ விடைக்கு ஆதரவாக மூன்று தனித்தனிச் சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, அந்த எழுத்துக்கூட்டல் வசதிக்காகக் கற்பித்தது அன்று. யூதேயப் பாலைவனத்தில் முரப்பாத் குகையில் கிடைத்த, நீரோ ஆட்சியின் இரண்டாம் ஆண்டுத் தேதியிட்ட கடன் பத்திரத்தில் அவன் பெயர் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு, பழைய பிரதிகள் சிலவற்றில் எண் 666 அன்று, 616. எகிப்தின் ஒக்சிரிங்கு மணல்மேட்டில் கிடைத்து 1999-இல் வெளியான பாப்பிரஸ் துணுக்கிலும் 616-தான். லத்தீன் வழக்கில் ‘நெரோ’ என்று கடைசி ‘ன்’ இல்லாமல் எழுதினால் அதன் மதிப்பான 50 குறைந்து சரியாக 616 வந்துவிடுகிறது. இரண்டு எண்ணையும் ஒரே பெயர் விளக்குகிறது. மூன்று, சுற்றியுள்ள கதை. மிருகத்தின் ஒரு தலைக்கு வாளால் சாவுக்காயம், அது ஆறிப் பிழைக்கிறது. நீரோ 68-இல் தன் தொண்டையில் குறுவாளைப் பாய்ச்சிக்கொண்டு இறந்தான். இறக்கவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி அதன்பின் பல பத்தாண்டுகள் கிழக்கு மாகாணங்களில் ஓடியது. நானே நீரோ என்று வந்த போலிகளும் உண்டு. பதினேழாம் அதிகாரம் அந்த மிருகத்தின்மேல் அமர்ந்த பெண்ணை ஏழு மலைகள்மேல் உட்கார்த்துகிறது. பேரரசர் வெஸ்பாசியன் 71-இல் வெளியிட்ட நாணயத்திலும் ரோமா தேவி ஏழு குன்றுகள்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எதிர்ச்சான்றும் ஒன்று உண்டு. கி.பி. 180 அளவில் எழுதிய சபைப் பிதா ஐரேனியஸ், இந்த வெளிப்பாடு தொமித்தியன் ஆட்சியின் இறுதியில் காணப்பட்டது என்று சொன்னவர், நீரோ பெயரையே எடுக்கவில்லை; 616 என்பதைப் பிழை என்று ஒதுக்கினார்; மிருகம் இனித்தான் வரும் என்று நம்பினார். ஆனால் அவர் கூட்டிப் பார்த்தது கிரேக்க எழுத்துகளில். எபிரேயச் சாவி அதற்குள் தொலைந்திருந்தது. அப்படியும் அவர் ஆராய்ந்த பெயர்களில் ஒன்று ‘லத்தேயினோஸ்’, லத்தீன்காரன். அதாவது அவர் பார்வையும் ரோமின் பக்கமே போயிற்று. எல்லாவற்றையும்விட, பெயர்களை ஊகித்து அறிவிப்பதைவிடப் பொறுத்திருப்பதே ஆபத்தில்லாதது என்று அவர் எச்சரித்தார். அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அந்தப் பகுதியையும் சேர்த்து வாசிக்கட்டும்.

முத்திரை? யோவான் எழுதிய கிரேக்கச் சொல் ‘காராக்மா’. நாணயத்தில் பதியும் உருவுக்கும், பேரரசர் பெயரும் ஆட்சியாண்டும் தாங்கிப் பத்திரங்களில் குத்தும் அரசு முத்திரைக்கும் அதுவே பெயர். ஆசிய நகரங்களில் சந்தைக்குப் போனவன் கையில் இருந்ததெல்லாம் பேரரசரின் தலை பதித்த காசு. பெர்கமுவில் கி.மு. 29 முதலே அகஸ்துவுக்கும் ரோமாவுக்கும் கோயில் இருந்தது. எபேசுவில் தொமித்தியன் காலத்தில் பேரரசர் குடும்பத்துக்குப் புதுக் கோயில் எழுந்தது. தொழிற்சங்க விருந்துகளில் தேவர்களுக்குப் படைக்காமல் உட்கார முடியாது. முத்திரை இல்லாதவனுக்கு வாங்கவும் விற்கவும் முடியாமல் போவது என்ன என்பதை அவர்கள் வாராவாரம் கண்டார்கள். அதற்கு மேல் ஒரு சான்று புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. பதின்மூன்றாம் அதிகாரம் மிருகத்தின் இலக்கத்தோடு முடிகிறது; அடுத்த வசனம், 14:1, ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கும் 1,44,000 பேரின் நெற்றியிலும் பெயர் எழுதியிருப்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்த படங்கள். முன்னது தோலுக்கடியில் வைக்கும் சிப் என்றால் பின்னதும் சிப்பாகத்தான் இருக்க வேண்டும். பின்னது யாருக்கு உரியவன் என்பதன் அடையாளம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம், முன்னதும் அதுவே. கற்பனைகளைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள் என்று உபாகமம் ஆறாம் அதிகாரம் சொன்ன அதே இரண்டு இடங்களை மிருகமும் கேட்கிறது. ஊசி போட்டுக்கொண்டதால் ஒருவன் தெரியாமல் அதற்கு உரியவனாகிவிடுவான் என்பது இந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.

சூரியன் கறுப்பதும் சந்திரன் இரத்தமாவதும் வானியல் முன்னறிவிப்பு என்பார்கள். 2014-15-இல் வந்த நான்கு சந்திர கிரகணங்களை ‘இரத்த நிலா’ என்று சொல்லிப் பயமுறுத்தியது அண்மைக் கதை. ஏசாயா 13 பாபிலோனின் வீழ்ச்சியைப் பாடும்போதே நட்சத்திரங்களை அணைக்கிறது, சூரியனை இருட்டாக்குகிறது. கி.மு. 539-இல் பாபிலோன் விழுந்தது. மறுநாளும் சூரியன் உதித்தது. எசேக்கியேல் 32 எகிப்தின் அரசனுக்கு அதே இருட்டை அனுப்புகிறது. அசையாது என்று நினைத்த அரசு சரிவதைச் சொல்ல எபிரேயத் தீர்க்கதரிசிகளிடம் இருந்த மொழி அது. தலையில் இடி விழுந்தது என்று நாம் சொல்லும்போது வானிலை அறிக்கை வாசிக்கவில்லை அல்லவா? இந்த இடத்தில் பெந்தெகொஸ்தே சபையார் தங்கள் சபைக்குப் பெயர் தந்த நாளையே நினைக்க வேண்டும். அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் பேதுரு, சந்திரன் இரத்தமாகும் என்ற யோவேலின் வாக்கை முழுமையாகச் சொல்லி, இன்று இங்கே நடப்பது அதுவே என்கிறார். அன்று எருசலேமில் எவரும் நிலாவை அண்ணாந்து பார்க்கவில்லை.

இரகசிய வருகைக்கு வருவோம். வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்தச் சொல்லும் இல்லை, ‘அந்திக்கிறிஸ்து’ என்ற சொல்லும் இல்லை. பின்னது யோவானின் நிருபங்களில் மட்டும் வருகிறது. அங்கேயும் அநேக அந்திக்கிறிஸ்துகள் ஏற்கெனவே வந்துவிட்டதாகவே எழுதியிருக்கிறது. முன்னதற்கு ஆதாரமாகக் காட்டுவது தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரம்: மேகங்கள்மேல் ஆண்டவரை எதிர்கொண்டு போவது. ‘எதிர்கொள்ளுதல்’ என்ற அதே கிரேக்கச் சொல் இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது. பத்துக் கன்னிகைகள் மணவாளனை எதிர்கொண்டு போய் அவனோடு கலியாண வீட்டுக்குள் வருகிறார்கள். ரோமச் சகோதரர் பவுலை வழியில் எதிர்கொண்டு அவரோடு ரோமுக்குத் திரும்புகிறார்கள். மாப்பிள்ளை அழைப்பு தெரிந்த தமிழருக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஊர் எல்லையில் எதிர்கொண்டவர்கள் மாப்பிள்ளையோடு வேறு ஊருக்கு ஓடிவிடுவதில்லை, வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். வருகையை இரண்டாகப் பிரித்து, முதலாவது இரகசியம் என்று ஒழுங்கான போதனையாக வகுத்துப் பரப்பியவர் 1830-களில் ஜான் நெல்சன் டார்பி. 1909-இல் வந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமம் அதை வசனங்களுக்கு அடியிலேயே அச்சடித்தது. அடிக்குறிப்பு வசனத்தின் அதிகாரத்தைப் பெற்றுவிட்டது. தேதி குறித்தவர்களின் கதையும் தெரிந்ததே: வில்லியம் மில்லரின் ஆதரவாளர்கள் காத்திருந்த 1844 அக்டோபர் 22 போயிற்று; ஹெரால்டு கேம்பிங் அறிவித்த 2011 மே 21-உம் போயிற்று. கூட்டல் பிழை என்று ஒவ்வொரு முறையும் சமாதானம் சொன்னார்கள். பிழை கூட்டலில் இல்லை, கடிதத்தைப் பஞ்சாங்கமாக்கியதில் இருக்கிறது.

எல்லாவற்றையும் முதல் நூற்றாண்டோடு முடித்துவிட்டால் இன்றைய விசுவாசிக்கு என்ன மிச்சம் என்பதுதான் கடைசி எதிர்ப்பு, பலமானதும் அதுவே. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இருபது முதல் இருபத்திரண்டாம் அதிகாரம் வரையுள்ள உயிர்த்தெழுதலும் புதிய எருசலேமும் இன்னும் வராத நம்பிக்கைகள். ஆனால் அங்கேயும் நகரம் பூமிக்கு இறங்கி வருகிறது; மனிதர் பூமியை விட்டுத் தப்பி ஏறுவதில்லை. மிருகத்தைப் பொறுத்தவரை யோவானே வழி காட்டியிருக்கிறார். தானியேல் ஏழில் சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்பு மிருகம் என்று நான்கு அரசுகள் நான்காக வந்தன. யோவான் நான்கையும் உருக்கி ஒரே மிருகமாக்கி ரோமுக்கு மாட்டுகிறார். பழைய படத்தைத் தன் காலத்து அரசில் அடையாளம் கண்டாரே தவிர, தானியேல் ரோமின் பெயரை ஒளித்து வைத்தார் என்று குறி சொல்லவில்லை. அதே வழியில்தான் 1987-இல் தென்னாப்பிரிக்காவின் ஆலன் பூசாக் நிறவெறி ஆட்சியின் நடுவில் இருந்துகொண்டு இந்தப் புத்தகத்துக்கு உரை எழுதினார். அவர் எந்தத் தேதியும் குறிக்கவில்லை. எதிரில் நிற்கும் அதிகாரத்தின் முகத்தை யோவானின் ரோமில் கண்டுகொண்டார். அடையாளம் காண்பதற்குத் துணிவு வேண்டும். குறி சொல்வதற்குப் பயந்த கூட்டம் இருந்தால் போதும்.

பார்கோடு வேட்டையில் யாரும் நின்று படிக்காத ஒரு பகுதி பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மகா பாபிலோன் என்று யோவான் பெயரிட்ட ரோம் விழுகிறது. முதல் பாபிலோன் போலவே எருசலேம் ஆலயத்தை 70-இல் எரித்ததால் வந்த பெயர் அது. அழுகிறவர்கள் அரசர்களும் வியாபாரிகளும் கப்பற்காரர்களும். இனி வாங்க ஆளில்லாத சரக்குகள் வரிசையாக வருகின்றன, மொத்தம் இருபத்தெட்டு: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, மெல்லிய துணி, இரத்தாம்பரம், பட்டு, யானைத்தந்தம், லவங்கப்பட்டை, தூபவர்க்கம், மது, எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, இரதம் முதலியன. ரோமானியர் விரும்பிய முத்தில் ஒரு பங்கு பாண்டியரின் கொற்கைக் கடலில் குளித்து எடுத்தது. இந்தியாவும் சீனாவும் அரபியாவும் ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்தர்சியைக் கொண்டுபோகின்றன என்று ரோம எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்த வாணிகம் இதுதான். இரத்தாம்பரம் ஏழு சபையில் ஒன்றான தியத்தீராவின் தொழில். பிலிப்பியில் பவுலை வரவேற்ற லீதியாள் அவ்வூரிலிருந்து வந்த இரத்தாம்பர வியாபாரிதான். ஆக, கடிதம் வாசிக்கப்பட்டபோது முன்வரிசையில் இருந்த சிலர் தங்கள் கடைச் சரக்கின் பெயரையும் அந்த ஒப்பாரிக்குள் கேட்டிருப்பார்கள். அவளை விட்டு வெளியே வாருங்கள் என்ற அழைப்பு அவர்களுக்குத்தான். பட்டியல் பொன்னில் தொடங்கி விலை இறங்கிக்கொண்டே போய், ஆட்டுக்கும் குதிரைக்கும் வண்டிக்கும் பிறகு கடைசியில் அடிமைகளிடம் நிற்கிறது. நின்றதோடு விடாமல், அவை மனுஷருடைய ஆத்துமாக்கள் என்று யோவான் ஒரு சொல்லைக் கூட்டுகிறார். ஆதார் அட்டையைப் புரட்டி 666 இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் அந்தக் கடைசிச் சரக்கு இன்று யார் வீட்டு அடுப்படியிலும் எந்தச் செங்கல் சூளையிலும் இருக்கிறது என்று தேடினால், யோவான் கடிதம் எழுதிய ஏழு ஊர்களில் ஒன்றுக்காவது அவர்களும் ஊர்க்காரர் ஆவார்கள்.